பந்தும் சம்பளமும் – 9: பொகோட்டாவில் பெய்த பொன்மழை

சென்ற வாரம் இங்கிலாந்தில் நின்றோம். 1948–49 பருவத்தில் அங்கே லீக் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கூட்டத்தை மைதானத்துக்கு இழுத்த ஆட்டக்காரருக்கோ, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாரம் 12 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. கோடை மாதங்களில் 10. 1901இல் 4 பவுண்டில் போட்ட உச்சவரம்பு, இரண்டு உலகப் போர்களைக் கடந்தும் அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருந்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் பழைய கிளப் விடுவித்தால்தான் இன்னொரு கிளப்பில் காலடி வைக்கலாம் என்ற விதியையும் பார்த்தோம்.

சம்பளத்தை அவிழ்த்துவிட்டால் ஆட்டம் சீரழியும் என்றார்கள் கிளப் முதலாளிகள். நல்ல சம்பளம் கொடுத்துப் பாருங்கள், ஆட்டம் எப்படி உயர்கிறதென்று தெரியும் என்றார்கள் ஆட்டக்காரர்கள். யார் சொன்னது சரி என்று சோதித்துப் பார்க்க அன்று உச்சவரம்பில்லாத, பழைய கிளப்புக்குக் கட்டும் டிரான்ஸ்ஃபர் பணம் இல்லாத ஒரு லீக் வேண்டும். அப்படி ஒன்று உலகில் இருந்ததா?

இருந்தது. ஐந்தாண்டு காலம் இருந்தது. கொலம்பியாவில்.

* * *

1948 ஏப்ரல் 9. தலைநகர் பொகோட்டாவின் நடுத்தெருவில், பட்டப்பகலில், லிபரல் கட்சித் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலைக்குள் நகரம் பற்றி எரிந்தது. டிராம் வண்டிகளைக் கொளுத்தினார்கள், கடைத்தெருக்கள் சூறையாடப்பட்டன. நாட்டுப்புறங்களில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கட்சிப்பகை அதன்பின் கொழுந்துவிட்டது. பத்தாண்டுகளில் அது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

நான்கு மாதம் கழித்து, அதே நாட்டில் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியது. 10 அணிகள். பொகோட்டாவின் சான்டா ஃபே முதல் சாம்பியன். ஊரடங்குக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரக்கணக்கானோர் பயமில்லாமல் ஓரிடத்தில் கூட ஒரு காரணம் கிடைத்தது.

லீக்கை நடத்திய அமைப்பின் பெயர் டிமயோர். நாட்டின் கால்பந்துச் சம்மேளனமோ வேறு. ஃபிஃபாவின் அங்கீகாரம் அந்தச் சம்மேளனத்திடம்தான் இருந்தது. அதிகாரம் யாருக்கு என்ற சண்டையில் சம்மேளனம் டிமயோரை விலக்கியது. ஃபிஃபாவும் கதவைச் சாத்தியது. கொலம்பியக் கிளப்கள் உலகக் கால்பந்தின் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டன.

தண்டனை என்று நினைத்துச் செய்ததுதான் திறவுகோலாக அமைந்தது. சட்டத்துக்கு வெளியே இருப்பவர் சட்டப்படி யாருக்கும் டிரான்ஸ்ஃபர் பணம் கட்ட வேண்டியதில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மில்லோனாரியோஸ் கிளப்பின் தலைவர் அல்ஃபோன்ஸோ சீனியர்.

* * *

1948 நவம்பரில் அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம், குறைந்தபட்சச் சம்பளம், ஒப்பந்தம் முடிந்தால் விடுதலை, கேட்டது இவ்வளவுதான். கிளப்கள் அசையவில்லை. மிச்சமிருந்த ஆட்டங்களை இளைஞர் அணிகளை வைத்து ஆடி முடித்தன. 1949இல் சமரசம் வந்தபோது, அதோடு சம்பள உச்சவரம்பும் சேர்ந்து வந்தது. போராடியவர்களின் மனதில் அது எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த நேரத்தில்தான் மில்லோனாரியோஸின் ஆள் புவெனஸ் அயர்ஸில் வந்திறங்கினார். தேடி வந்தது அடோல்ஃபோ பெடர்னேராவை. ரிவர் பிளேட் கிளப்பின் புகழ்பெற்ற ஐவர் முன்வரிசைக்கு மூளையாக இருந்தவர் அவர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் தென்னமெரிக்காவில் அந்தப் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள்.

1949 ஜூனில் பெடர்னேரா பொகோட்டாவுக்கு வந்தார். அவர் ஆடவில்லை, கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைக்கப்பட்டார், அவ்வளவே. அந்த ஒரு நாள் வசூலே அவருக்குக் கொடுத்த முன்பணத்தை மிஞ்சிவிட்டது என்று பொகோட்டாவில் இன்றும் சொல்கிறார்கள்.

சீனியர் அங்கே நிற்கவில்லை. இன்னும் நல்ல ஆட்டக்காரர்களைக் கூட்டிவரும் பொறுப்பைப் பெடர்னேராவிடமே விட்டார். இரண்டு மாதத்தில் ரிவர் பிளேட்டிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் நெஸ்டர் ரோஸி. இன்னொருவருக்கு அப்போதுதான் 23 வயது நிரம்பியிருந்தது. பெயர் அல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ.

* * *

இங்கே கொஞ்சம் நிற்போம். இந்தத் தொடரின் மையமே இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

ஓர் ஆட்டக்காரருக்காகக் கிளப் செலவழிக்கும் பணம் இரண்டு வழியில் போகும். ஒன்று, அவரை விற்கும் கிளப்புக்கு. மற்றொன்று, ஆட்டக்காரரின் பைக்கு. இங்கிலாந்தில் 1949 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைட்டெட் தன் முன்வரிசை வீரர் ஜானி மோரிஸை டெர்பி கவுன்ட்டிக்கு 24,500 பவுண்டுக்கு விற்றது. அன்றைய பிரிட்டிஷ் சாதனை அது. ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைக்கக்கூடிய ஒப்பந்தத் தொகை 10 பவுண்டு.

கொலம்பியாவில் முதல் வழி அடைபட்டிருந்தது. ஆகவே மொத்தப் பணமும் இரண்டாவது வழியில் பாய்ந்தது. போருக்குப்பின் ஏறிய காபி விலையால் நாட்டில் டாலர் புழங்கியது. நிரம்பி வழிந்த மைதானங்களில் டிக்கெட் பணம் புழங்கியது. அது நேராக ஆடுகிறவர் கைக்குப் போயிற்று.

பிற்காலத்தில் பொருளியலாளர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் பத்திரிகையாளர் சைமன் கூப்பரும் 40 ஆங்கிலக் கிளப்களின் 1978 முதல் 1997 வரையான கணக்குகளை அலசினார்கள். பட்டியலில் கிளப்கள் பிடித்த இடங்களில் இருந்த வேறுபாட்டின் 92 விழுக்காட்டைச் சம்பளச் செலவே விளக்கியது. டிரான்ஸ்ஃபருக்குக் கொட்டிய பணம் விளக்கியது வெறும் 16 விழுக்காடு. கொலம்பிய முதலாளிகளிடம் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் பணத்தை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டார்கள்.

ஒரு நியாயமான கேள்வி எழும். சம்பளம் கொடுத்ததால் ஜெயித்தார்களா, ஜெயித்து வசூல் ஏறியதால் சம்பளம் கொடுத்தார்களா? இங்கிலாந்துக் கணக்கில் இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினம். கொலம்பியாவில் எது முந்தியது என்பதில் குழப்பமே இல்லை. முதலில் பணம் வந்தது. ஆட்டம் பின்னால் வந்தது.

* * *

வந்த ஆட்டம் சாதாரணமானதல்ல.

மில்லோனாரியோஸ் 1949இல் பட்டம் வென்றது. பிறகு 1951, 1952, 1953 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றது. அவர்களை நீல பாலே என்று அழைத்தார்கள். ஐந்து கோல் போட்டுவிட்டால் அதற்குமேல் எதிரணியை அவமானப்படுத்தாமல் பந்தைத் தங்களுக்குள் கைமாற்றிக் கூட்டத்துக்கு விருந்து வைப்பார்கள். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த பெடர்னேராவின் வழி அது.

மற்றக் கிளப்கள் கைகட்டி நிற்கவில்லை. குக்குத்தா உருகுவேக்காரர்களால் நிறைந்தது. 1950 உலகக் கோப்பையை வென்ற அணியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். மெதயீன் பெருக்காரர்களை வைத்து ஆடியது. பெரேய்ரா பராகுவேயிலிருந்து ஆள் எடுத்தது. 10 அணிகளோடு தொடங்கிய லீக், 1951இல் 18 அணிகளாகப் பெருகியிருந்தது.

கரீபியக் கரையோரத்துப் பாரன்கியாவுக்குப் பிரேசிலின் ஹெலெனோ டி ஃப்ரெய்டாஸ் வந்தார். அவரைப் பார்க்க 1950இல் மைதானத்துக்குப் போன உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர், தாம் அன்று ரசிகராக மாறிப்போனதைத் தன் பத்தியில் எழுதினார். வயது 23. பெயர் கேப்ரியல் கார்சியா மார்க்வெஸ்.

உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் குறைந்தது உண்மை. டி ஸ்டெஃபானோவும் ரோஸியும் ஆடும் அணியில் கொலம்பியப் பையனுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு இடம். அப்படி இடம்பிடித்த ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரான்சிஸ்கோ சுலுவாகா. தற்காப்பு வரிசைக்காரர். பிறகு வருகிறேன்.

* * *

1950 மே. ஸ்டோக் சிட்டியின் நீல் ஃப்ராங்க்ளினும் ஜார்ஜ் மௌன்ட்ஃபோர்டும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார்கள். பத்திரிகைகளுக்கு விஷயம் தெரிந்தபோது அவர்கள் பொகோட்டாவில் இருந்தார்கள்.

ஃப்ராங்க்ளின் லேசுப்பட்டவர் அல்ல. போருக்குப்பின் இங்கிலாந்து ஆடிய 27 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தவறாமல் நடுத் தற்காப்பில் நின்றவர். சில வாரங்களில் பிரேசிலில் உலகக் கோப்பை. இங்கிலாந்து முதன்முறையாகக் கலந்துகொள்கிறது. அதற்குத் தன்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் சான்டா ஃபேவுக்குப் போனார்.

ஜூன் 29, பெலோ ஒரிசோன்ட்டி. அமெரிக்கா 1, இங்கிலாந்து 0. கால்பந்து வரலாற்றின் பெரும் அதிர்ச்சிகளில் ஒன்று. ஃப்ராங்க்ளின் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. வந்த வாய்ப்புகளை முன்வரிசை வீணடித்த ஆட்டம் அது. ஆனால் அவர் விட்டுப்போன இடத்தை நிரப்ப இங்கிலாந்து பல ஆண்டு ஆள் மாற்றி ஆள் வைத்துப் பார்த்தது. 12 பவுண்டு விதியின் உண்மையான செலவு என்ன என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது அந்தக் காலியிடத்தைத்தான்.

இன்னொருவர் சார்லி மிட்டன். ரங்கூனில் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைட்டெட்டின் இடது ஓர வீரர், 1948 எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். 1950 கோடையில் அணியோடு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, நியூயார்க்கில் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் சான்டா ஃபே தலைவர் லூயிஸ் ரோப்லெடோ.

முன்பணம் 5,000 பவுண்டு. சம்பளம் ஆண்டுக்கு 5,000 பவுண்டு.

மிட்டனின் நிலையில் நின்று கணக்குப் போடுங்கள். வாரம் 12, கோடையில் 10 என்றால் ஆண்டுக்கு 600 பவுண்டுகூடத் தேறாது. பொகோட்டாவில் ஓராண்டு ஆடினால் மான்செஸ்டரில் எட்டாண்டு ஆடிய சம்பளம். முன்பணம் அதற்கு மேல். அவருக்கு வயது 29. முப்பதுகளின் நடுவில் கால் ஓய்ந்தபின் என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்கிற வயது. கூட ஆடிய ஜானி மோரிஸை 24,500 பவுண்டுக்கு விற்றபோது அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

அவர் போனார்.

ஆங்கிலப் பத்திரிகைகள் இவர்களைப் பொகோட்டாக் கொள்ளையர்கள் என்று எழுதின. யாரிடமிருந்து எதைக் கொள்ளையடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லோருக்கும் பொகோட்டா ஒத்துவரவில்லை. ஃப்ராங்க்ளின் குடும்பத்தோடு போயிருந்தார், மனைவி கருவுற்றிருந்தார். மாலையானால் ஊரடங்கு, தெரியாத மொழி. இரண்டு மாதத்தில் அவர்கள் திரும்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் தடை காத்திருந்தது. தடை முடிந்ததும் இரண்டாம் பிரிவிலிருந்த ஹல் சிட்டிக்கு விற்கப்பட்டார். இங்கிலாந்து அணியின் சட்டையை அவர் மறுபடி அணியவேயில்லை.

மிட்டன் ஓராண்டு முழுக்க ஆடினார். சான்டா ஃபேயில் அவரோடு ஆடியவர்களில் எக்டர் ரியால் என்ற அர்ஜென்டினா இளைஞரும் உண்டு. 1951இல் மிட்டன் ஊர் திரும்பியபோது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அவருக்கு ஆறு மாதத் தடையும் 250 பவுண்டு அபராதமும் விதித்தது.

* * *

பொன்மழை நிரந்தரமாகப் பெய்யாது என்பது 1951இலேயே முடிவாகிவிட்டது.

அண்டை நாட்டுக் கிளப்கள் ஃபிஃபாவை நெருக்கின. பெருவின் தலைநகர் லிமாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கொலம்பியாமீதான தடை நீங்கும். வந்த ஆட்டக்காரர்கள் 1954 அக்டோபர் வரை இருக்கலாம். அதன்பின் அவர்கள் பழைய கிளப்புக்கே சொந்தம். இனி யாரையும் இப்படிக் கூட்டிவரக்கூடாது.

ஒப்பந்தம் பேசியவர்கள் கிளப்களும் சம்மேளனங்களும். எங்கே ஆட விருப்பம் என்று ஆட்டக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த காலத்தில் மில்லோனாரியோஸ் உலகம் சுற்றக் கிளம்பியது. 1952 மார்ச்சில் ரியல் மாட்ரிட் தன் பொன்விழாவுக்கு அவர்களை அழைத்தது. ஃபிஃபா நேற்றுவரை ஒதுக்கிவைத்திருந்த லீக்கிலிருந்து வந்த அணி. நான்கு ஆண்டுகளுக்குமுன் அந்த லீக்கே கிடையாது.

மில்லோனாரியோஸ் 4, ரியல் மாட்ரிட் 2.

விருந்து கொடுத்த கிளப்பின் தலைவர் சான்டியாகோ பெர்னபேயு அன்று டி ஸ்டெஃபானோவைப் பார்த்தார். அதன்பின் அவர் கண்ணிலிருந்து அந்த ஆட்டக்காரர் மறையவில்லை. 1953இல் பார்சிலோனா ரிவர் பிளேட்டிடம் பேசியது. மாட்ரிட் மில்லோனாரியோஸிடம் பேசியது. லிமா ஒப்பந்தப்படி 1954 அக்டோபர் வரை அவர் மில்லோனாரியோஸுக்குச் சொந்தம், பிறகு ரிவர் பிளேட்டுக்கு. பார்சிலோனாவும் மாட்ரிட்டும் மாறிமாறி வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்பெயின் சம்மேளனம் தீர்ப்புச் சொன்னது. பார்சிலோனா விலகிக்கொண்டது. டி ஸ்டெஃபானோ மாட்ரிட்காரரானார்.

1956இல் பாரிஸில் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் 4–3 என்று வென்றது. டி ஸ்டெஃபானோ ஒரு கோல். ரியால் இரண்டு கோல். ஆம், சான்டா ஃபேயில் மிட்டனோடு ஆடிய அதே எக்டர் ரியால். மாட்ரிட் போட்ட நான்கு கோல்களில் மூன்றை அடித்தவை பொகோட்டாவில் சம்பளம் வாங்கிய கால்கள்.

* * *

பொகோட்டாவில் என்ன மிஞ்சியது?

கணக்குப் புத்தகங்களில் கடன் மிஞ்சியது. ஹெலெனோவை ஆடவைத்த பாரன்கியாவின் ஜூனியர் கிளப் லீக்கிலிருந்தே விலகி, 1966இல்தான் திரும்பிவந்தது. மில்லோனாரியோஸ் அடுத்த பட்டத்துக்கு 1959 வரை காத்திருந்தது.

1957இல் லிமாவில் தென்னமெரிக்கச் சாம்பியன்ஷிப் போட்டி. அர்ஜென்டினா கொலம்பியாவை 8–2 என்று வீழ்த்தியது. சில நாள் கழித்துப் பிரேசில் 9–0. நட்சத்திரங்களை வாங்கிக் குவித்த நாட்டின் சொந்த அணிக்கு இந்தக் கதி. நட்சத்திரங்களைப் பறிகொடுத்த அர்ஜென்டினாவோ அந்தக் கோப்பையையே வென்றது.

இதை வைத்துப் பார்த்தால் முதலாளிகள் சொன்னது சரி என்று தோன்றும். சம்பளம் தரத்தை இடம் மாற்றுகிறது, வளர்ப்பதில்லை. பணம் நின்ற மறுநாள் தரம் விமானம் ஏறிவிடும்.

ஆனால் அதே அர்ஜென்டினாவின் அடுத்த ஆண்டைப் பாருங்கள். லிமாவில் கலக்கிய மாஸ்கியோ, ஆஞ்செலியோ, சிவோரி மூவரையும் இத்தாலியக் கிளப்கள் பெரும் பணத்துக்கு அள்ளிக்கொண்டன. அவர்கள் இல்லாமல் 1958 உலகக் கோப்பைக்குப் போன அர்ஜென்டினா செக்கோஸ்லோவாக்கியாவிடம் 6–1 என்று நொறுங்கியது. ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கத் தெரிந்த நாட்டுக்கும், அவர்களைத் தக்கவைக்கும் சம்பளம் வேண்டியிருந்தது.

கொலம்பியாவின் கதையும் 1957இல் முடியவில்லை.

1961இல் கொலம்பியா பெருவை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. வரலாற்றில் முதல் முறை. 1962 மே 30, சிலியின் வடகோடியில் அரிகா நகரம். எதிரில் உருகுவே. கொலம்பியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அணித்தலைவர் அதை வலைக்குள் செலுத்தினார். உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் கோல். அடித்தவர் ஃபிரான்சிஸ்கோ சுலுவாகா; நீல பாலேயில் இடம்பிடித்த உள்ளூர்ப் பையன்.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்தது சோவியத் யூனியன். கோல்காப்பில் லெவ் யாஷின். 4–1 என்று பின்தங்கிய கொலம்பியா, மார்கோஸ் கோல் என்ற வீரர் கார்னரிலிருந்து உதைத்த பந்து யாரையும் தொடாமல் நேரே வலைக்குள் நுழைந்த பிறகு, வெறிகொண்டு ஆடி 4–4 என்று சமன் செய்தது.

அன்று கொலம்பிய அணியின் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் அடோல்ஃபோ பெடர்னேரா. 1949 ஜூனில் முதலில் வந்திறங்கிய அதே பெடர்னேரா.

சம்பளத்துக்காக வந்தவர்தான். சம்பளக் காலம் போனபின்னும், அவர் கற்றுக்கொடுத்தது அங்கே வேலை செய்தது. ஒரே ஒரு போட்டியை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமாட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவிடம் 5–0 என்று தோற்றார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று ஆடிக் கற்ற ஒருவரும், கற்பித்த ஒருவரும் பதின்மூன்று ஆண்டு கழித்து ஒரே அணியில் சேர்ந்து நின்றதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

* * *

மறுபடி இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

தடை முடிந்ததும் மான்செஸ்டர் யுனைட்டெட் சார்லி மிட்டனை விற்றுவிட்டது. 1952 ஜனவரியில் அவர் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்புக்கு வந்தார். மீண்டும் அதே உச்சவரம்பு. பொகோட்டாச் சம்பளத்தில் ஒரு துண்டு.

இரண்டு மாதம் கழித்து, அதே உடைமாற்றும் அறைக்குப் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கேள்வி கேட்கத் தயங்காதவர். பெயர் ஜிம்மி ஹில். ஐந்தாண்டில் அவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராவார். அதன்பின் நாட்டையே நிறுத்தும் ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தேதி குறிப்பார்.

ஆண்டுக்கு 5,000 பவுண்டு வாங்கிப் பார்த்தவரும், பின்னாளில் 20 பவுண்டாக உயர்ந்த உச்சவரம்பை உடைக்கப்போகிறவரும் நான்கு ஆண்டுகள் ஒரே அணியில் ஆடினார்கள்.

அந்த உச்சவரம்பு 1961இல் நீங்கியபோது உயர்ந்தது எது? இங்கிலாந்தின் மொத்த ஆட்டத் தரமா? அல்லது பிரெஸ்டன், பிளாக்பூல், போல்ட்டன் போன்ற சிறு நகரங்களிலிருந்த தரம் லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் குடிபெயர்ந்ததா?

(தொடரும்)